உப்புத் தண்ணீரில் கீறிய வீடு

"...அதக் கேட்டதும் மா இடிச்ச உலக்கையக் கீழ வைக்கவும் தோணல்ல, பாருங்க. கையோட கொண்டு தோணியில ஏறிட்டன். தோணிக்காரன் கேக்கிறான், 'என்ன போடியார்ர பெண்சாதி, சண்டைக்கா போறீங்க?' எண்டு. 'ஓம்டா மனே, ஓவசியரோட' எண்டு சொன்னன்..."

எங்கள் சம்பந்தியம்மா வள்ளிப்பிள்ளை எப்போதும் இப்படித்தான் கதையை நடுவிலிருந்து தொடங்குவார். போன மாசியில், அறுவடை முடிந்து, என் மருமகள், அதாவது தங்கச்சி மகள், செல்லத்தின் வீட்டு முற்றத்தில் அவித்த நெல் பாய் பாயாய்க் காய்ந்துகொண்டிருந்தபோதும் அப்படித்தான் தொடங்கினார். புதிதாக வந்த விருந்தாளிகள் சாப்பிட்ட கையையும் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஒரு படம் தொங்கிற்று. படத்துக்குக் கீழே வாங்கில் நான் உட்கார்ந்திருந்தேன். அந்த ஓவசியர் நான்தான். அந்தப் படத்தைத் தூரிகையால் கீறியவனும் நான்தான்.

அவர் உலக்கையோடு தோணியில் ஏறியது மெய். ஆனால் ஒரு குடும்பப் பெண் ஏன் உலக்கையோடு தோணியில் ஏறவேண்டி வந்தது என்பதற்கு ஒரு முன்கதை உண்டு. அதை அவர் சொல்லமாட்டார். சொன்னால் சண்டையின் சுவை குறைந்துவிடும். ஆகவே நான் சொல்கிறேன்.

ஐம்பத்தைந்து வயதில் நான் ஓவியனானேன். (சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். பிறகு என் மருமகளின் கலியாணம் குழம்புகிற இடம் வருகிறது.)

அதற்கு முன்பு ஆயுள் முழுதும் எனக்குத் தெரு வேலை. மதகு கட்டினேன், பாலம் போட்டேன், வளைந்த தெருக்களை நிமிர்த்தினேன். வளைவு எதைக் கண்டாலும் எனக்குக் கை அரிக்கும். ஒரு தெருவை அகலமாக்குவதென்றால் முதலில் அந்த இடத்துக்குப் போகிறவன் ஓவசியர். குடையை நட்டு, சங்கிலியை இழுத்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, தலையில் சிவப்புச் சாயம் பூசிய முளைக்கட்டைகளை வரிசையாக அடித்துவிட்டு வருவேன். அடுத்த கிழமை அலவாங்கும் மண்வெட்டியுமாக ஆட்கள் வருவார்கள். கட்டைக்கு இந்தப் பக்கம் இருந்த வேலியோ, தாழ்வாரமோ, மாட்டுக்கொட்டிலோ பிறகு இராது.

நான் கட்டை அடிக்கும்போது யாராவது ஓடிவந்து, "ஐயா, எங்கட பக்கம் எவ்வளவு போகும்?" என்று கேட்பார்கள். நான் நிமிராமல், "பிறகு தெரியும்" என்பேன். எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை. ஆனால் தெரியாது என்று சொல்கிற ஓவசியரை யார் மதிப்பார்கள்? அந்த 'பிறகு தெரியும்' என் வாயில் வெற்றிலை மாதிரி ஒட்டிக்கொண்டது. "ஓவசியர் குடைய விரிச்சா வேலி ஒரு முழம் பின்னால போகும்" என்று எங்கள் கரையில் பேச்சு. அதைப் பாராட்டென்று எண்ணி நான் மீசையை நீவிக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்டவனைப் பென்சன் கொடுத்து வீட்டில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? குசினி அடுப்பு மூன்று கல்லும் ஒரே மட்டமில்லை என்று கண்டுபிடித்தேன். மட்டப்பலகை வைத்து நிமிர்த்தினேன். கோழிக்கூட்டின் கதவு சதுரமில்லை என்று கழற்றினேன். அன்று மாலை கோழிகள் பலாமரத்தில் படுத்தன. என் மனைவி கனகம் இரண்டு கிழமை பொறுத்தாள். பிறகு ஒரு மத்தியானம் சோற்றை என் முன்னால் வைத்துவிட்டு, மட்டப்பலகையையும் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இஞ்சாருங்க, சோறு மட்டமா இரிக்கோ எண்டு பாத்துச் சொல்லுங்க. மறுகா ஆணம் ஊத்துறன்."

அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் பெட்டியின் நினைவு வந்தது.

எங்கள் பெரிய இஞ்சினியர் துரை சீமைக்குத் திரும்பியபோது, அவருடைய துரைசாணி தன் சாயப்பெட்டியை எனக்குத் தந்துவிட்டுப் போனா. தகரப் பெட்டி; உள்ளே சின்னச் சின்னக் குழிகளில் சாயக் கட்டிகள், அணில் வால் போல இரண்டு தூரிகை. வாவிக்கரையில் அந்த அம்மா படம் கீறும்போது நான் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். (குடை பிடித்தபடி. அது உத்தியோகத்தில் சேர்த்தியில்லாத உத்தியோகம்.) தண்ணீரைத் தொட்டு, சாயத்தைத் தொட்டு, தாளைத் தொட்டால் வாவி வந்துவிடும். பார்க்க வலு சுகமான வேலையாயிருந்தது. ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கட்டடத்தைக் கீறினால் அந்த அம்மா அதன் தூரத்துச் சுவரைக் குட்டையாக்கிவிடுவா. "தள்ளி இருப்பது சின்னதாகத்தானே தெரிகிறது?" என்பா. தெரியலாம். ஆனால் அளந்தால் அது குட்டையில்லையே! ஓர் அரசாங்க இஞ்சினியரின் மனைவி இப்படிக் கள்ள அளவு போடுகிறாவே என்று மனசுக்குள் வருந்தினேன்.

அந்த வருத்தம்தான் பிற்பாடு என்னைக் கெடுத்தது.

தொடக்கத்தில் வாவியைக் கீறினேன். (எங்கள் பேச்சில் வாவியை 'ஆறு' என்றுதான் சொல்வோம். கடலோடு சேர்ந்து உப்பாய்க் கிடந்தாலும் எங்களுக்கு அது ஆறுதான்.) கரையை அடிமட்டம் வைத்து நேராகக் கீறினேன். தென்னைகளைத் தந்திக் கம்பம் போல நிறுத்தினேன். தெருவோரத்தில் சாய்ந்த தென்னையைக் கண்டால் வெட்டச் சொல்லிப் பழகிய கை, அதைச் சாய்வாய்க் கீற மறுத்தது. ஒரு நாள் மழை விட்ட நேரம் அருமையான காட்சி ஒன்று கண்டு, அவசரமாய்க் கீறி முடித்தேன். வலை காயப்போட வந்த ஒருவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஐயா, இந்தப் பாலம் எவடத்த வரப்போகுது?"

"பாலமில்ல. வானவில்."

அவர் வானத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். என்னை நோகச் செய்ய விரும்பாத நல்ல மனிதர். "வானவில்லுக்கும் நீங்க தூண் வச்சது நல்லது ஐயா. விழாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருஷந்தான் செல்லத்துக்குக் கலியாணம் பேசி முடிந்தது. செல்லம் என் தங்கச்சி பாக்கியத்தின் ஒரே பெண்பிள்ளை. எங்கள் பகுதியில் கலியாணம் என்றால் பெண் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வீடு பெண்ணுக்கு. அதனால் பெண் பிறந்த அன்றே தகப்பன் கல் பொறுக்கத் தொடங்கிவிடுவான். என் மச்சானும் அப்படித்தான். செட்டிபாளையத்தில், தெருவுக்கும் வாவிக்கும் நடுவிலிருந்த வளவில், நெல் விளைந்த வருஷம் ஒரு சுவர், விளையாத வருஷம் ஒரு கதவு நிலை என்று செல்லம் வளர வளர வீட்டையும் வளர்த்தார். கல்வீடு, மேலே ஓடு. அந்த வீட்டைப் பார்த்துத்தான் படுவான்கரைப் போடியார் குடும்பம் சம்மதித்தது. போடியார் என்றால் வாவிக்கு மேற்கே வட்டை வட்டையாய் வயல் வைத்திருக்கிறவர். ஆனால் அந்த வீட்டில் பேசுகிறவர் அவரல்ல, அவருடைய பெண்சாதி. அவர்தான் நம்முடைய உலக்கைச் சம்பந்தியம்மா.

ஆவணியில் கலியாணம். தாய்மாமன் நான் என்ன கொடுப்பது? வெண்கலக் குத்துவிளக்கை எல்லாரும் கொடுப்பார்கள். செல்லத்தின் வீட்டையே படமாய்க் கீறிக் கொடுத்தால்? அந்த யோசனை வந்ததும் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. கலியாணத்தன்று சபையில் விரிக்கும்வரை ஒருவருக்கும் சொல்லுவதில்லை என்று முடிவு செய்தேன். கனகத்துக்குக்கூட 'படம் கீறப் போறன்' என்று மட்டும்தான் சொன்னேன்; எந்தப் படம் என்று சொல்லவில்லை.

சாதாரண ஓவியன் என்றால் உட்கார்ந்து பார்த்துக் கீறிவிட்டுப் போயிருப்பான். நான் அளக்காமல் ஒரு கோடும் போடாதவன். பழைய சங்கிலியைத் துடைத்தேன். பரணில் கிடந்த சிவப்புத்தலைக் கட்டைகளை இறக்கினேன். அடுத்த நாள் காலையில் தங்கச்சி வீட்டுக்குப் போய், வாவிக்கரையிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் நூல் பிடித்துக் கட்டை அடித்தேன். வீட்டின் மூலைக்கு மூலை கட்டை அடித்தேன். புதிதாய் வெள்ளையடித்த சுவரில் சுண்ணக்கட்டியால் அம்புக்குறி போட்டு அளவுகளை எழுதினேன்.

பாக்கியம் வாசலில் வந்து நின்றாள். "என்ன அண்ணன், வீட்ட அளக்கிறீங்க?"

"பிறகு தெரியும்" என்றேன்.

அவள் முகம் வாடிப்போயிற்று. நல்ல வெயில், பாவம் என்று நினைத்தேன். உள்ளே போய்விட்டாள். மச்சான் பின்கதவால் வந்து என்னைப் பார்த்தார், கட்டைகளைப் பார்த்தார், எனக்கு ஓர் இளநீர் வெட்டித் தந்தார். அன்றிலிருந்து என்னைக் கண்டால் எழுந்து நிற்கத் தொடங்கினார். ஓவியனுக்கு மச்சானே எழுந்து நிற்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி.

வாவிக்கரையில் குடையை நட்டு, மடியில் பலகையை வைத்து வேலையைத் தொடங்கினேன். சாயம் கரைக்கத் தண்ணீர் வேண்டும். கிணறு வளவின் மறுகோடியில், வாவியோ காலடியில். சிரட்டையை நீட்டி மொண்டுகொண்டேன். (உப்புத் தண்ணீரில் சீமெந்து குழைக்காதே என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! சாயமும் அப்படித்தான் என்று அந்தத் தலைக்குள் ஏறவில்லை.)

நான் அங்கே உட்கார்ந்த நாளிலிருந்து ஊரில் அதிசயங்கள் நடந்தன. இடப்பக்கத்து வளவுக்காரர் தன் வேலியைத் தானே பிடுங்கி உள்ளுக்குத் தள்ளி நட்டார். என் பார்வைக்கு மறைப்பாயிருந்த வேலி அது! வலப்பக்கத்துக்காரர் தன் ஆட்டுக்கொட்டிலையே பெயர்த்துப் பின்னால் கொண்டுபோனார். ஆடுகள் இடமில்லாமல் கரையில் அலைந்தன. கலைக்காக வேலி பிடுங்குகிற ஊர் உலகத்தில் வேறெங்கே இருக்கிறது என்று எனக்குக் கண் கலங்கிற்று. வீட்டுக்குப் போனால் அங்கே எருமைத் தயிர் முட்டி, வாழைக்குலை, உயிரோடு அசைகிற நண்டு.

"ஆரு கொண்டுவந்த?"

"ஆரெண்டு சொல்லல்ல. 'ஐயாட்டச் சொல்லுங்க' எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போறாங்க" என்றாள் கனகம். "நீங்க தெருப் போட்ட நாள்ல ஒரு மாங்காய் தந்த ஆளில்ல. படம் கீறத் துவங்கினதும் ஊருக்கே உங்களில பாசம். கீறுங்க, கீறுங்க. நாளைக்குக் கொஞ்சம் இறால் வருதோ பாப்பம்."

காத்தான்குடியிலிருந்து சேலை மூட்டையோடு வாவியின் இரு கரைக்கும் போய்வருகிற மீராலெவ்வைக் காக்கா (காக்கா என்றால் அண்ணன்) ஒரு நாள் அந்த வழியால் வந்தார். போடியார் வீட்டுக்குக் கூறைச்சேலை காட்டப் போகிறார். என்னைக் கண்டதும் மூட்டையை இறக்கினார்.

"என்ன ஓவசியர் ஐயா, பென்சன் எடுத்த ஆள மறுகாலும் கூப்பிட்டுட்டாங்களா?"

நான் அந்த நேரம் பென்சிலை நீட்டி, ஒற்றைக் கண்ணை மூடி, கூரையின் உயரத்தை அளந்துகொண்டிருந்தேன். பேச்சுக் கொடுத்தால் அளவு போய்விடும்.

"பிறகு தெரியும் காக்கா."

"இந்தக் கட்டையெல்லாம் நீங்க அடிச்சதா?"

"வேற ஆரு அடிப்பா?"

காக்கா கட்டைகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். சுவரிலிருந்த அம்புக்குறிகளைப் பார்த்தார். "யா அல்லாஹ், புது வீடு" என்று முணுமுணுத்தபடி மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு தோணித்துறைக்கு நடந்தார். வீடு அத்தனை அழகாய் இருக்கிறதென்று வியக்கிறாராக்கும் என்று நான் எண்ணினேன்.

அக்கரையில் நடந்ததைப் பிறகு கேட்டறிந்தேன். காக்கா நல்ல மனிதர், தன் வியாபாரத்தையும் பாராமல், "அம்மா, கூறையக் கொஞ்சம் பொறுத்து எடுங்க. பொண்ணுட வீட்டில சிவப்புக் கட்டை விழுந்திட்டு. நம்மட ஓவசியரே நேர நிண்டு அளக்கிறார்" என்று சொல்லியிருக்கிறார். பலகாரத்துக்கு மா இடித்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மா அப்படியே தோணிக்கு நடந்துவிட்டார். போடியார் பின்னால் ஓடிவந்து, தோணி தள்ளும்போதுதான் ஏறிக்கொண்டாராம்.

அந்தப் பின்னேரம் நான் கடைசித் தீற்றுத் தீற்றிக்கொண்டிருந்தேன். படம் காயவே மாட்டேன் என்றது. காலையில் பூசிய வானம் மாலையிலும் ஈரமாயிருந்தது. காற்றுப் படட்டும் என்று பலகையைக் குடைக்காம்பில் சாய்த்துவிட்டுத் தூரிகை கழுவக் குனிந்தேன். நிமிர்ந்தால், கொட்டில் இழந்த ஆடு ஒன்று என் வானத்தை நக்கிக்கொண்டிருக்கிறது! மேற்கு மூலையில் மேகமும் ஓட்டுக்கூரையின் ஒரு துண்டும் அதன் நாக்கோடு போயே போய்விட்டன. ஆட்டைத் துரத்திப் பலகையை எடுத்த அதே நேரத்தில், கரையில் தோணி முட்டியது.

முதலில் உலக்கை இறங்கியது. பிறகு சம்பந்தியம்மா இறங்கினார். தலைமயிரெல்லாம் அரிசி மா.

"ஓவசியர்! வீட்ட இடிக்கிறதெண்டா ஒரு வாய் முந்திச் சொல்லியிருக்கலாமே! என்ட மகன் கலியாணம் முடிச்சு எங்க வந்து இரிக்கிற? உங்கட குடைக்குக் கீழயா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒன்றைமட்டும் நினைத்தேன்: பரிசு வெளிப்பட்டுவிடக் கூடாது. படத்தை நெஞ்சோடு அணைத்து மறைத்துக்கொண்டேன்.

"என்னத்த இடிக்கிற?"

"இந்தக் கட்டை என்னத்துக்கு? சுவரில அம்பு என்னத்துக்கு? என்ட தம்பிட மாட்டுக்கொட்டில் போனதும் இதே சிவப்புக் கட்டையாலதான். அண்டைக்கும் நீங்கதான் 'பிறகு தெரியும்' எண்டு சொன்னீங்க. மறுகா தெரிஞ்சிச்சு!"

சத்தம் கேட்டு ஊர் கூடிவிட்டது. வேலி பிடுங்கினவர், கொட்டில் பெயர்த்தவர், நண்டு கொண்டுவந்தவர் என்று எல்லாரும் வந்து நின்றார்கள். பாக்கியம் ஓடிவந்து நடுவில் நின்றாள். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்தது.

"சொல்லுங்க அண்ணன்! அளந்த நாள் துவங்கி இவர் சோறு தின்னல்ல. என்ட புள்ளைக்கு இரிக்கிறது இந்த ஒரு வீடு. உங்கட மருமகள்ற வீட்டுக்கா நீங்க கட்டை அடிச்ச?"

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு செல்லம் நின்றாள். கையில் பாதி கட்டிய பூமாலை. அழவில்லை. என்னையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் என் உத்தியோக கம்பீரம் எல்லாம் வாவித் தண்ணீரில் கரைந்த சாயமாய்ப் போயிற்று. தயிரும் நண்டும் வேலியும் எதற்கென்று அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கிற்று. எனக்குக் கலை ரசிகர் ஒருவர்கூட இருந்ததில்லை!

"நான்... நான் படம் கீறினனான்" என்றேன்.

ஒருவரும் நம்பவில்லை. "இந்த வயசிலயா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"செல்லத்துக்குப் பரிசு. வீட்டைக் கீறினன். அளவு பிழைக்கப்படாது எண்டு கட்டை அடிச்சன்."

"படம் கீற ஆரும் கட்டை அடிப்பானா?" என்றார் சம்பந்தியம்மா. உலக்கையைத் தரையில் ஒரு குத்துக் குத்தினார். "என்ன பொய் பறையிறீங்க! வீடு இல்லாட்டி கலியாணமும் இல்ல. இப்ப சொல்லிப்போட்டன். மெய்யெண்டா அந்தப் படத்தக் காட்டுங்க."

காட்டத்தான் வேண்டும். நெஞ்சிலிருந்து பலகையைப் பிரித்தேன். அது வரமாட்டேன் என்றது; பிறகு 'சளக்' என்று வந்தது. என் வெள்ளைக் கோட்டின் மார்பில் அந்த வீடு அப்படியே பதிந்திருந்தது. ஆக, ஊருக்கு முன்னால் இரண்டு படங்களைக் காட்டியபடி நின்றேன்.

அந்தப் படத்தைப் பற்றி நான் ஒளிக்காமல் சொல்லவேண்டும். கள்ள அளவு போடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன் அல்லவா? கீழே ஒரு பட்டை வாவி; அதற்கு மேல் வீட்டின் முன்பக்கத்தை முழு அளவில் கீறியிருந்தேன். இடப்பக்கச் சுவரைக் குட்டையாக்க மனம் வராமல் அதையும் முழு அளவில் இடப்பக்கமாய் விரித்துக் கீறியிருந்தேன். வலப்பக்கச் சுவரை வலப்பக்கமாய். கூரையின் இரண்டு பாதியையும் மேலே. அளந்து பார்த்தால் ஓர் அங்குலம் பிழையில்லை. ஆனால் பார்த்தால், கொழுக்கட்டை இலையைப் பிரித்து வைத்ததுபோல் வீடு நாலு பக்கமும் மல்லாந்து கிடந்தது. போதாததற்கு மேற்கு மூலைக் கூரையை ஆடு தின்றிருந்தது.

செல்லம் மெல்லக் கிட்டே வந்தாள்.

"அம்மான், இது ஆருட வீடு?"

சம்பந்தியம்மா உலக்கையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். வீட்டைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். என் மார்பைப் பார்த்தார்.

"இது இடிக்கிறதுக்குக் கீறின படமில்ல" என்றார் மெதுவாக. "இடிச்சு முடிஞ்ச பிறகு கீறின படம்."

முதலில் சிரித்தது செல்லம். மாலையால் வாயைப் பொத்தியும் அடக்க முடியவில்லை. அவளைப் பார்த்து மச்சான், அவரைப் பார்த்துப் பாக்கியம், பிறகு ஊரே. கட்டின பெண்சாதி முன்னால் வாய் திறக்காத போடியார் தோணிக்குள் இருந்தபடி சிரித்துத் தோணியை ஆட்டினார்.

ஆனால் சம்பந்தியம்மா இலேசில் ஏமாறுகிறவர் அல்ல. சிரிப்போடு சிரிப்பாக விரலை நீட்டி, படத்திலிருந்த வாவியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு! ஆத்துத் தண்ணியிலயா கரைச்ச?"

"ஓம்" என்றேன் தலைகுனிந்து. "கிணறு தூரமெண்டு..."

"அப்ப மெய்தான்" என்று ஊரைப் பார்த்துத் திரும்பினார். "அரசாங்கத்து வேலையெண்டா இவர் நல்ல தண்ணி அள்ள ஒரு ஆள் வச்சிருப்பார். இது சொந்த வேலைதான். மனிசன் மெய்யாவே படம் கீறியிரிக்கி." பிறகு என்னிடம்: "கட்டையெல்லாத்தையும் இப்பவே பிடுங்குங்க. உங்கட கையால. நான் பாக்கவேணும்."

ஊர் பார்க்க, மார்பில் வீட்டோடு, நான் அடித்த கட்டைகளை நானே ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினேன். அடித்தபோது இருந்த உறுதியை அப்போதுதான் நொந்துகொண்டேன். வேலி பிடுங்கினவர் பக்கத்தில் நின்று, "இன்னொருக்கா ஆட்டுங்க ஐயா, வரும்" என்று ஆறுதலாய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். தயிர் முட்டியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டாலும் கனகம் கொடுத்திருக்கமாட்டாள். வீடு திரும்பியதும் அவள் என் கோட்டைத்தான் பார்த்தாள். "நண்டு இனி வராது, என்ன?" என்றாள்.

கலியாணம் குறித்த நாளில் வலு கோலாகலமாய் நடந்தது. பிடுங்கின கட்டைகளில்தான் பந்தல் கயிறு கட்டினார்கள். ஒரு கட்டையைச் சுவரில் அறைந்து, படத்தை அதில் தொங்கவிடச் சொன்னவர் சம்பந்தியம்மா. வதந்தி மூன்று ஊருக்குப் போயிருந்ததால், வருகிறவர் எல்லாரும் முதலில் அதைப் பார்த்து வீட்டுக்கு ஆபத்தில்லை என்று தெளியவேண்டுமாம். பார்த்தார்கள். தெளிந்தார்கள். தொட்டு நக்கியும் பார்த்தார்கள். என் மருமகளின் கலியாணத்தில் விருந்தினர் வாயில் முதலில் பட்டது என் வாவிதான்.

பரிசின் உண்மையான குணம் அந்த மாரிக்குத்தான் தெரிந்தது. வெயில் எரிக்கிற ஒரு நாள் செல்லம் பார்த்தாள், படம் வேர்த்திருக்கிறது. வாவி இருக்கும் இடத்தில் முத்து முத்தாய்த் தண்ணீர். அன்று மத்தியானம் கொட்டு கொட்டென்று மழை. அடுத்த முறையும் அப்படியே. படம் குடித்திருந்த உப்பு, காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் கசிந்தது. அன்றிலிருந்து நெல் காயப்போடுமுன் படத்தைத் தொட்டுப் பார்ப்பது அந்த வீட்டு வழக்கமாயிற்று. அக்கரையில் நெற்கதிரைச் சூடு மிதிக்கிற காலத்தில், "படம் வேர்த்திச்சா எண்டு கேட்டுவாங்க" என்று போடியார் தோணி அனுப்புவார். வீட்டில் யாராவது எதையாவது மூடி மறைத்தால், "என்ன, பிறகு தெரியுமா?" என்று கேட்டுச் சிரிப்பது குழந்தைகளுக்கும் பழக்கமாகிவிட்டது.

என் கலையும் பெருகிற்று. வயற்காரர் பலர் தேடிவந்து படம் கேட்டார்கள். ஒருமுறை நான் கிணற்றுத் தண்ணீரில், துரைசாணி சொன்னபடி தூரத்துச் சுவரைக் குட்டையாக்கி, நல்லதொரு வீடு கீறிக் காட்டினேன். வந்தவர் மரியாதையாய்ப் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் கிடக்கு ஐயா. ஆனா எங்களுக்கு உப்புத் தண்ணியில ஒண்டு கீறித் தாங்க" என்றார்.

இவ்வளவுதான் முன்கதை. போன மாசியில் செல்லத்தின் வீட்டில் சம்பந்தியம்மா தோணியை விட்டு இறங்கி, ஆட்டைத் தாண்டி, என் மார்புக்கு வந்து சேர்ந்திருந்தார். விருந்தாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போல் தலையைக் குனிந்து, அந்தக் கடைசி வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

"...நான் வீட்டப் பாத்தன். படத்தப் பாத்தன். இவர்ர நெஞ்சப் பாத்தன். சொன்னன், இது இடிக்கிறதுக்குக் கீறின..."

அங்கே நிறுத்திவிட்டார். அவர் கண் என் தலைக்கு மேலே போயிற்று. வெளியே வானத்தில் ஒரு பஞ்சுகூட இல்லை. முற்றத்தில் வெயில் தகதகத்தது. அவர் எழுந்து, என் தோளில் ஒரு கையை ஊன்றி, எட்டிப் படத்தின் வாவியை விரலால் வழித்து, நாக்கில் வைத்தார். கதையை அப்படியே அந்தரத்தில் விட்டார். சேலை முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு முற்றத்தில் இறங்கி, முதற் பாய் நெல்லைச் சுருட்டத் தொடங்கினார்.